நிழல்தின்னி படம் எப்படி இருக்கு?

சிரிங்கடா. நல்லா வாய்விட்டுச் சிரிங்க. வேலைக்குப் போயி கழுத்துல அட்டையத் தொங்கவிட்டதுல இருந்து மூணு பேருக்கும் சிரிப்பே மறந்து போயிருக்கும். ஆனா காஜா, கைய மட்டும் கீழ போடு. நீட்டாத. அவரேதான். அந்தா, பஸ் ஸ்டாண்டு மூணாவது பெஞ்சுல, குடையக் காலுக்கு நடுவுல ஊண்டிக்கிட்டு உக்காந்திருக்காரே, அவரேதான். "புத்தி பெரண்டுபோச்சு" தாத்தா. நம்ம குரூப்புல ஸ்டிக்கரா ஓடுதே, அதே மூஞ்சி. ஒச்சு, உங்க டீம் குரூப்புல மேனேஜருக்கே அந்த ஸ்டிக்கரத்தான போட்டேன்னு சொன்ன?

என்னது, செல்ஃபியா? எடுப்ப எடுப்ப. இந்த டீய அப்படியே ஒன் தலையில ஊத்திருவேன். உக்காரு.

மொதல்ல நீங்க மூணு பேரும் அந்தப் படத்துக்குச் சொன்ன விமர்சனத்தப் பேசுவோம். அப்புறம் அவரப் பேசலாம். நிஷாந்து, நீ சென்னையில ஏசி தியேட்டர்ல எடவேளைக்கு முன்னாடியே கொறட்டை விட்டுட்டு, படம் முடிஞ்சு எழுப்பிவிட்ட பெறகு "செகண்ட் ஹாஃப் ரொம்ப இழுவை"ன்னு போட்ட. பாக்காத பாதி இழுவைன்னு சொன்ன ஒரே ஆளு நீதான்டா. காஜா போன்ல பாத்தான். அதுவும் எவனோ தியேட்டர்ல உக்காந்து திருட்டுத்தனமா எடுத்தது. நடுவுல ஒருத்தன் பாப்கார்ன் வாங்கிட்டுக் குறுக்க போறான், அவன் நிழல் தெரையில விழுகுது. இவரு என்ன போட்டாரு? "விஷுவல் வேற லெவல் மச்சி. அந்த நிழல் ஷாட்டுக்கே குடுத்த காசு சரியாப் போச்சு." டேய், அது பாப்கார்ன்காரன்டா. ஒச்சு படமே பாக்கல. "கலவையான விமர்சனம்னு கேள்விப்பட்டேன்"னு போட்டான். உங்கள்ல யோக்கியன் அவன் ஒருத்தன்தான்.

ஒச்சுக்காகக் கதையச் சொல்லிர்றேன். ஒரு ஊர்ல ஒரு ராஜா. மழையே இல்ல. காட்டுக்குள்ள ஒரு அரக்கி, மனுசன் நிழலத் தின்னுதான் உசுரு வாழுது. ராஜா நேரா அதுகிட்டப் போயி, "மழையக் குடு, எம்மகள எடுத்துக்க"ங்கிறான். அரக்கி புள்ளையத் திங்கல. நிழல மட்டும் தின்னுட்டு புள்ளைய வளக்குது. நிழலில்லாத புள்ள வளந்து பெருசாகி அரமணைக்கு வந்து கதவத் தட்டுது. ராஜா தெறக்க மாட்டேங்கிறான். கடேசி வரைக்கும் தெறக்கல. படம் முடிஞ்சுருது. அம்புட்டுதான். பாட்டு இல்ல, ஃபைட்டு இல்ல, வெளிச்சம் சுத்தமா இல்ல.

வெளிச்சம் இல்லன்னா எப்படி? நம்ம ஜெயமீனா தியேட்டர்ல மொத ஷோவுக்கு நாலு பேரு எந்திரிச்சுப் போயி ஆப்பரேட்டர் ராயப்பண்ணன் சட்டையப் புடிச்சுட்டாய்ங்க, லைட்டு மங்கலா விடுறேன்னு. அந்தாளு பாவம், லென்ஸ மூணு தடவ தொடச்சிருக்காரு. கடேசில மைக்கப் புடிச்சு, "படமே இருட்டுதான்ப்பா, என்னைய என்னப்பா பண்ணச் சொல்றீங்க"ன்னு அழுகாத கொறையாச் சொன்னாரு. அதுக்கு ஒருத்தன் கைதட்டுறான்.

இதுல போஸ்டர்ல வேற ஒரு சின்னப் புள்ள, செவப்புப் பாவாடை, கையில வெள்ள முயலு. ஊர்ல பாதிப் பேரு அதப் பாத்துட்டு புள்ளகுட்டிகளோட வந்துட்டாய்ங்க. முயலு பத்தாவது நிமிசம் காலி. அரக்கி அத எப்படித் திங்கிதுன்னு க்ளோசப்புல வேற காட்டுறாய்ங்க. தியேட்டர் பூரா வீல் வீல்னு சத்தம். வெளிய நிக்கிற எனக்கே கேட்டுச்சு.

ஆமா, நான் வெளியதான் நின்னேன். என் எடம் அதான. நீங்கள்லாம் படிச்சு முடிச்சு உள்ள போயிட்டீங்க, நான் காலேஜ ரெண்டாவது வருசமே விட்டுட்டு வெளிய மைக்கோட நிக்கிறேன். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம, "போடி டாக்கீஸ்" சேனல், "அண்ணே படம் எப்படி இருக்கு?" இதான் பொழப்பு. கேவலமா பாக்காத நிஷாந்து. நீ கம்ப்யூட்டர்ட்ட கேள்வி கேக்குற, நான் மனுசன்ட்ட கேக்குறேன்.

அன்னைக்கு வந்த பதில் இருக்கே, அப்பப்பா. ஒரு அம்மா, இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணு. "இதெல்லாம் ஒரு படமாங்க? முயலு தூங்குதாம்மா செத்துப்போச்சாம்மான்னு இவன் கேட்டுக்கிட்டே இருக்கான், நான் என்னத்தச் சொல்ல?" அந்தப் பயகிட்ட மைக்க நீட்டுனேன். "சூப்பரா இருந்துச்சு. முயலத் தின்னதுதான் ரொம்ப சூப்பர்"ங்கிறான். அம்மா அங்கனயே முதுகுல ஒண்ணு வச்சுச்சு.

ஒரு காலேஜ்காரன். "லாஜிக் இல்ல ப்ரோ. நிழல எப்படி ப்ரோ திங்க முடியும்?"

"அரக்கி இருக்கது ஓகேவா ப்ரோ?"

"அரக்கி ஓகே ப்ரோ."

ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போற அக்கா ஒண்ணு, லீவு போட்டுட்டு வந்திருந்துச்சு. "அந்த அரக்கிதாந்தம்பி நல்லவ. பசிச்சுச்சு, தின்னா. அந்த ராஜாவுக்குப் பசியா? வயிறு நெறஞ்சவன்தான புள்ளையக் குடுத்தான்?" அப்படின்னுட்டு விறுவிறுன்னு போயிருச்சு. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. ஆனா அத நான் போடல. அதுல சிரிப்பு இல்லைல?

ஒங்களுக்குத் தொழில் ரகசியம் ஒண்ணு சொல்றேன். நம்ம ஊர்க்காரய்ங்க மைக்கப் பாத்தா நேராப் பேச மாட்டாய்ங்க. மொதல்ல மரியாதைக்கு ஒண்ணு சொல்லுவாய்ங்க. "டைரக்டர் நல்லா ட்ரை பண்ணிருக்காரு." "எல்லாரும் நல்லா நடிச்சிருக்காங்க." அப்புறம் ஒரு "ஆனா" வரும். அந்த ஆனாவுக்குப் பின்னாடிதான் மனுசன் உண்மையப் பேசுவான். நான் என்ன செய்வேன், ஆனா வரைக்கும் வெட்டித் தூரப் போட்டுட்டு, பின்னாடி உள்ளத மட்டும் எடுத்துக்குவேன். ரெண்டு வருசமா இதான் செய்யுறேன். கடலத் தொலிய ஊதிட்டுத் திங்கிற மாதிரி.

சரி, இப்ப அவரு.

பேரு சன்னாசி. போக்குவரத்துல டைம் கீப்பரா இருந்து ரிட்டையர் ஆனவரு. இதே ஸ்டாண்டுல, அந்தக் கம்பி போட்ட ரூம்புல முப்பது வருசம் உக்காந்து, வண்டி வந்த நேரம் போன நேரம் எழுதுனவரு. தெரியாத மாதிரி முழிக்காதீங்க, நம்ம மூணு பஸ்ஸு மாறி ஸ்கூலுக்குப் போகையில விசில ஊதி வெரட்டுவாருல்ல. எனக்கு நல்லாவே தெரியும். நான் காலேஜ் போறேன்னு கெளம்பி வந்து இதே டீக்கடையில உக்காந்திருப்பேன்ல, அதக் கம்பிக்குள்ள இருந்தே பாத்துட்டு ஒருநாள் எங்கப்பாரக் கூப்ட்டு, "உங்க மகன் இந்த மாசம் பதினேழு நாளு வண்டி ஏறல"ன்னு சொல்லிட்டாரு. எண்ணி வச்சிருக்காருடா மனுசன். வண்டியத்தான எண்ணணும், என்னைய எதுக்கு எண்ணுறாரு? அன்னைக்கு எங்கப்பாரு பெல்ட்டக் கழட்டுனதுதான் என் படிப்புக்குக் கடேசி நாளு.

இல்லடா, எனக்கு அவரு மேல கோவமெல்லாம் கெடையாது. எப்பவோ முடிஞ்ச கத. பதினேழு இல்ல, பதினஞ்சுதான். சும்மா கணக்குக்குச் சொல்றேன். கோவமெல்லாம் இல்ல.

அவரு மொத ஷோவுக்கு ஒத்தையா வந்திருந்தாரு. வெள்ளச் சட்ட, பாக்கெட்ல பேனா, கையில இந்தக் குடை. படம் விட்டு எல்லாரும் போற வரைக்கும் சைக்கிள் ஸ்டாண்டு ஓரமா நின்னாரு. அப்புறம் நேரா என்கிட்ட வந்தாரு.

"தம்பி, இதுல பேசுனா எது வரைக்கும் போகும்?"

"எது வரைக்கும் வேணும் சார்?"

"மெட்ராசுக்குப் போகுமா?"

"அமெரிக்காவுக்கே போகும் சார்."

"அமெரிக்கா வேணாம். மெட்ராசுக்குப் போனாப் போதும்."

எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. சட்டப்பையில இருந்து சீப்ப எடுத்துத் தல சீவுறாரு. பட்டன் போட்டுருக்கான்னு தொட்டுப் பாக்குறாரு. மைக்க வாயிக்குள்ளயே வச்சுக்கிட்டாரு, நான்தான் புடிச்சு இழுத்தேன். அப்புறம் பேசுனாரு. மிச்சம் ஒங்களுக்கே தெரியும், ஊருக்கே தெரியும். "பதினொண்ணு அஞ்சுக்குப் படம் போட்டான். பன்னெண்டு இருவதுக்கு எடவேள. அது வரைக்கும் பாத்தேன். இந்தக் கதைய எழுதுனவளுக்குப் புத்தி பெரண்டுபோச்சு. பெத்த அப்பனக் கொடும்பாவி மாதிரி காட்டியிருக்கா. எந்திரிச்சு வெளிய வந்துட்டேன்."

அந்த மூஞ்சி, அந்த டைம் சொன்னது, அந்த "புத்தி பெரண்டுபோச்சு"ல நாக்கு ஒரு சுத்து சுத்துச்சே, தங்கம்டா அது. நான் பின்னாடி ஒரு உடுக்க சத்தத்தப் போட்டு, கண்ண மட்டும் ரெண்டு தடவ பெருசாக்கிக் காட்டி, "படத்தையே பன்ச்சராக்குன டைம் கீப்பர்"னு தலைப்பு வச்சு சாயங்காலம் ஏத்திவிட்டேன். காலையில எந்திரிச்சுப் பாத்தா ரெண்டு லட்சம் பேரு பாத்திருக்கான். நம்ம சேனல்ல அதுக்கு முன்னாடி அதிகபட்சம் நாலாயிரம். அதுல நானே முன்னூறு தடவ பாத்தது. ஸ்டிக்கர் வந்துச்சு, ரீமிக்ஸ் வந்துச்சு. மதுரையில ஒரு கல்யாணத்துக்கு ஃப்ளெக்ஸ்லயே அவரு மூஞ்சியப் போட்டு, "மாப்பிள்ளைக்குப் புத்தி பெரண்டுபோச்சு"ன்னு வச்சாய்ங்க. அம்புட்டு ஹிட்டு.

இப்ப சிரிக்காதீங்க. மேட்டரு இனிமேதான் இருக்கு.

அந்தக் கதைய எழுதுனது அவரு மக.

ஆமா. சொந்த மக. பேச்சியம்மா. நம்மளவிட ஆறேழு வருசம் மூத்தது. சினிமாவுக்குக் கதை எழுதப் போறேன்னு பேங்க் வேலைய விட்டுட்டு மெட்ராசுக்குப் போயிருச்சு. இவரு, "போனா இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது"ன்னுட்டாரு. ஒரு தடவ தீவாளிக்கு வந்திருக்கு. கதவத் தெறக்கல. அக்கம்பக்கத்துல பூராப் பேருக்கும் தெரியும், அந்தக்கா ஒரு மணி நேரம் பையோட வாசல்ல நின்னுச்சாம். அதோட சரி. ஏழு வருசம்.

இப்பத் தெனமும் காலையில ஆறே முக்காலுக்கு இங்க வந்து உக்காந்திருக்காரு. மெட்ராஸ் வண்டி ஆறு அம்பதுக்கு வரும். எறங்குற ஆளுக பூராத்தையும் பாப்பாரு. கடேசி ஆளு எறங்குன பெறகும் கண்டக்டர்ட்ட, "அம்புட்டுதானாப்பா?"ன்னு கேட்டுட்டுத்தான் உக்காருவாரு. வியாழக்கெழம அவரு மகனுக்குக் கல்யாணம். அந்தக்காவோட தம்பிக்கு. அதுக்கு வரும்னு பாக்குறாரு.

அவருக்கு அந்த வீடியோ என்னாச்சுன்னு தெரியாது. பட்டன் போன் வச்சிருக்காரு. ஸ்டிக்கரா ஓடுறதும் தெரியாது, ஃப்ளெக்ஸும் தெரியாது. சின்னப் பசங்க இவரப் பாத்துக் கையக் காட்டிச் சிரிச்சா, ஊர்ல எல்லாரும் மரியாதையா இருக்காய்ங்கன்னு நெனச்சு இவரும் பதிலுக்குக் கையக் காட்டுறாரு. என்னையப் பாத்தா எந்திரிச்சே வந்துருவாரு. "தம்பி, எத்தன பேரு பாத்திருக்காங்க?" "பதினோரு லட்சம் சார்." "அதுல அவளும் இருப்பால்ல?" "இருப்பாங்க சார்." தெனமும் இதே கேள்வி, இதே பதிலு. நேத்து எனக்குக் கல்யாணப் பத்திரிக்க குடுத்தாரு. கவர்ல என்ன எழுதியிருக்காரு தெரியுமா? "திரு. போஸ் அவர்கள், பத்திரிகையாளர்." என்னையடா! எங்கப்பாரு அதப் பாத்துட்டு, தப்பான வீட்டுக்கு வந்திருச்சுன்னு திருப்பிக் குடுக்கப் போயிட்டாரு.

என்ன ஒச்சு? ஏன் அப்படிப் பாக்குற?

"புத்தி பெரண்டுபோச்சுன்னு ஊருக்கே சொன்னவரு, மக வரும்னு எப்படிடா எதிர்பாக்குறாரு?" சரியான கேள்வி. நீ எப்பவுமே வெவரம்தான். படம் பாக்காமயே விமர்சனம் சொன்னவன்ல.

அது வந்து... அதுக்குப் பின்னாடியும் கொஞ்சம் பேசுனாருடா.

மைக்குல சார்ஜ் போயிருச்சு. அதான் வரல.

சரி, சார்ஜ் போகல. ரொம்ப நீளமா இருந்துச்சு. ஒரு நிமிசத்துக்கு மேல போனா எவனும் பாக்க மாட்டான், ஒங்களுக்கே தெரியும். எல்லாரும்தான் வெட்டுறான். நான் வெட்டுனா மட்டும் தப்பா?

என்ன பேசுனாருன்னா கேக்குற? மனப்பாடமாவே இருக்கு. கேட்டுக்க.

"எந்திரிச்சு வெளிய வந்துட்டேன். ஆனா வீட்டுக்குப் போகல. திரும்பப் போயி உக்காந்தேன். ஆரம்பத்துலயே டைட்டில்ல பேரு போட்டான். கதை, ச. பேச்சியம்மாள்னு. இனிசியல எடுத்திருப்பான்னு நெனச்சேன். எடுக்கல. அது எம்மகதாந்தம்பி. நாந்தான் வீட்டுக்குள்ள விடல. அந்த ராஜா கடேசி வரைக்கும் தெறக்கவே இல்ல. தியேட்டர்ல எல்லாரும் தெறடா தெறடான்னு கத்துறாங்க. நானும் கத்துனேன். பேச்சி, பதினாலாந்தேதி வியாழக்கெழம தம்பிக்குக் கல்யாணம். மெட்ராஸ் வண்டி ஆறு அம்பதுக்கு வரும். சில நாளு ஏழே கால் ஆயிரும். எந்த நாளு வந்தாலும் நான் ஸ்டாண்டுல இருப்பேன்."

அம்புட்டுதான். நாப்பது செகண்டு. அப்புறம் மைக்க என் கையில குடுத்துட்டு, "நல்லா விழுந்துச்சா தம்பி?"ன்னாரு. "செமயா விழுந்துச்சு சார்"ன்னேன்.

நீங்களே சொல்லுங்கடா, இத எவன் பாப்பான்? நம்ம சேனலு காமெடிச் சேனலு. அழுகாச்சி போட்டா இருக்க நாலு பேரும் போயிருவான். எப்பவும் ஆனாவுக்கு முன்னாடி உள்ளத வெட்டுவேன், அன்னைக்கு மட்டும் பின்னாடி உள்ளத வெட்டுனேன். முன்னாடிதான் சிரிப்பு இருந்துச்சு, அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? பதினேழு நாளுன்னு எண்ணுன வாயிதான, ஒரு தடவ ஊரு சிரிக்கட்டுமேன்னு... இல்ல, அப்படியெல்லாம் நெனக்கல. அப்படி நெனச்சிருந்தாலும் ஒரு செகண்டுதான் நெனச்சிருப்பேன்.

காஜா, ஏன்டா போனக் கவுத்து வச்சுட்ட? ஸ்டிக்கர அழிச்சுட்டியா? நீ ஒருத்தன் அழிச்சா எல்லாம் சரியாப் போயிருமாக்கும்.

அந்தக்கா வீடியோவப் பாத்திருச்சு. அது எனக்குத் தெரியும். அதோட பக்கத்துல அந்த வீடியோவப் பகிர்ந்து, மேல "அப்பா பார்த்துவிட்டார்"னு ரெண்டே வார்த்த எழுதியிருந்துச்சு. வேற ஒண்ணும் எழுதல. அதுக்குக் கீழயும் நம்மாளுக வந்து புத்தி பெரண்டுபோச்சு ஸ்டிக்கராப் போட்டுத் தள்ளியிருக்காய்ங்க. ரெண்டு நாள்ல அந்தப் பக்கத்தையே மூடிருச்சு.

இப்பவே முழுசையும் அனுப்புங்கிறியா நிஷாந்து? இன்னைக்கு ஞாயித்துக்கெழம, இன்னும் நாலு நாளு கெடக்கு, அனுப்புனா வந்துரும்ங்கிற. நம்பர் எங்க கெடைக்கும்னு வேற கேப்ப. நம்பர் இருக்கு. ரெண்டு வாரமா எடுத்து எடுத்துப் பாத்துட்டு உள்ள வச்சுர்றேன். லேசாச் சொல்ற நீ. அனுப்புனா அந்தக்கா மொதல்ல என்ன கேக்கும்? நான் என்ன சொல்றது?

ஏன்னா, வீடியோ போட்ட மறுநா காலையிலயே அந்தக்கா எனக்கு மெசேஜ் போட்டுச்சு. நம்பர் அதுல வந்ததுதான். திட்டல. அழிச்சிருன்னும் சொல்லல. "வணக்கம் தம்பி. அதில் பேசுவது என் அப்பா. இதோடு முடித்துவிட்டாரா? வேறு ஏதாவது சொன்னாரா?"ன்னு கேட்டிருந்துச்சு.

ரெண்டு லட்சத்துல ஓடிக்கிட்டிருக்கு. நிமிசத்துக்கு நிமிசம் ஏறுது. முழு வீடியோவும் அதே போன்லதான் இருக்கு.

"அம்புட்டுதான்க்கா"ன்னு நான் பதில் போட்டேன். பக்கத்துல ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டேன்.